செல்லோவுக்குள் ஒரு ஈ

அன்புள்ள சிட்டு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன், இங்கே மாமாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, நானும் நலம், சொல்லப்போனால் தேவைக்கு மேலேயே நலம், ஏன் என்று கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டேன் அல்லவா, மூன்று தடவையும் உன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றியே விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். நீகூட, "என்னம்மா, என் குழாய் மேல திடீர்னு இவ்வளவு அக்கறை?" என்று கேட்டாய். குழாய் மேல் எனக்கு ஒரு அக்கறையும் இல்லை, வாய் வரவில்லை, அவ்வளவுதான். முதலில் எங்காவது உட்கார்ந்துகொள், அடுப்பில் ஏதாவது இருந்தால் அணைத்துவிடு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருவர் நம் வாத்தியப் பட்டறைக்கு ஒரு செல்லோவோடு வந்தார். வெளியே நல்ல மழை. தன் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, அவர் தொப்பலாக நனைந்து நின்றார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். வயது அறுபத்து மூன்று, என்னைவிட நாலு வயது மூத்தவர், மனைவி போய் ஒன்பது வருடம், பிள்ளைகள் இல்லை, நாலு பேர் சேர்ந்து வாசிக்கிற குழுவில் செல்லோ வாசிக்கிறார். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு அந்த வாத்தியத்தை வெளியே எடுத்ததும் நான் அந்த மனிதரையே மறந்துவிட்டேன், துடைக்கத் துண்டுகூடக் கொடுக்கவில்லை. இருநூற்று நாற்பது வருடத்து செல்லோ சிட்டு! உள்ளே பெயர்ச்சீட்டு எதுவும் இல்லை, செய்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது, ஆனால் சின்ன விளக்கும் கண்ணாடியும் உள்ளே விட்டுப் பார்த்தால் அந்த ஆள் எதிரே உட்கார்ந்து வேலை செய்வது போலவே இருக்கிறது. பின்பலகைக்குக் கட்டைவிரல் அகலம் மரம் போதாமல் போய், வேறொரு துண்டை ஒட்டிச் சமாளித்திருக்கிறார். முகப்பில் இருக்கும் இரண்டு துளைகளில் வலது துளை ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கிறது. தலைச்சுருளில் ஓரிடத்தில் உளி வழுக்கிய தடம், அதைத் தேய்த்து மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. நான் வாய்விட்டே, "சரியான அவசரக்காரரா இருந்திருக்கார்" என்றேன். "நாப்பது வருஷமா இதைக் கட்டிப் பிடிச்சு வாசிக்கிறேன், ஆளு அவசரக்காரர்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்று அவர் சிரித்தார்.

அவருடைய பிரச்சினை என்னவென்றால், தடித்த கம்பியில் ஒரு குறிப்பிட்ட சுரத்தை வாசித்தால் உள்ளே ஒரு ஈ மாட்டிக்கொண்டது போல ரீங்காரம் வருகிறதாம், மூன்று வாரத்தில் கச்சேரியாம். விரல்முட்டியால் ஓரமெல்லாம் தட்டிப் பார்த்தேன், பசை விட்ட இடமாக இருந்தால் சத்தம் மாறிவிடும், மாறவில்லை. கம்பிகளைத் தாங்கும் குதிரையைப் பார்த்தேன், கம்பியை முறுக்கும் பிரடைகளைப் பார்த்தேன், எல்லாம் கெட்டியாக இருந்தன. பட்டறையில் அவர் எத்தனை தடவை வாசித்தும் ஈ வரவே இல்லை. வீட்டுக்குப் போனதும் போன் செய்து, "வந்துருச்சுங்க" என்றார், ஏதோ விருந்தாளி வந்தது மாதிரி. சரி, வாசிக்கிற இடத்திலேயே பார்த்துவிடலாம் என்று மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன்.

இரண்டாவது மாடி, கூடத்தில் ஒரு நாற்காலி, சுவரோரமாக ஒரு அலமாரி, மேசையில் மலைபோல் இசைத்தாள்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார், நான் காதைத் தீட்டிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, கண்டுபிடித்துவிட்டேன். அலமாரி மேல் ஒரு பிஸ்கட் டப்பா, அது நிறையப் பழைய சாவிகள். அந்தச் சுரம் வரும்போதெல்லாம் சாவிகள் சேர்ந்து நடுங்கின. டப்பா மேல் கையை வைத்தேன், ஈ நின்றது. எடுத்தேன், பறந்தது. இப்போதுதான் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் கண்ணைத் திறந்ததும், "பிடிபடலைங்க, நாளைக்கும் வந்து பார்க்கணும்" என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் எந்த வாத்தியத்தைப் பற்றியும் நான் ஒரு பொய் சொன்னதில்லை. அது எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை, படி இறங்கும்போது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பெண் மாதிரி சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அப்புறம் ஏழு தடவை போனேன். அவர் வாசிப்பார், நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பேன், அவர் தேநீர் போடுவார், பேச்சு வளரும். இரண்டாம் நாளே உன் அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார். வயலினுக்கும் செல்லோவுக்கும் பெரிசு சின்னது தவிர அப்பாவுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனாலும் உயிரோடு இருந்தவரை பட்டறைக்கு வந்த ஒவ்வொரு செல்லோவையும் அவர்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருவார், ஒரு நாள் படித் திருப்பத்தில் அதோடு மாட்டிக்கொண்டு, விட்டால் அடிபடும் என்று முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றார் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. மாமாவோ, "ஒரு ஈயைப் பிடிக்கறதுக்கு எத்தனை நாள் அக்கா? அதுவும் புதுச் செருப்பு போட்டுக்கிட்டு?" என்று கேட்டான். அவனுக்கு எப்போதுமே வாய் நீளம்.

ஒன்பதாம் நாள் காலையில் அவரிடமிருந்து போன். "தப்பா எடுத்துக்காதீங்க, வெளியூர்ல ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டு போறேன், மேல்பலகையைத் திறந்து பார்க்கணும்னு சொல்றாங்க" என்றார். அவர்கள் குழுவில் வயலின் வாசிக்கிற அம்மாள் பிடிவாதமாக ஏற்பாடு செய்துவிட்டாராம். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டார். திறப்பது என்றால் ஓரத்தில் மெல்லிய கத்தியைச் செருகி வச்சிரப் பசையை இஞ்ச் இஞ்சாக விடுவிக்க வேண்டும், ஒரு இடத்தில் மரம் கிழிந்தால் கிழிந்ததுதான். அந்த அவசரக்காரர் ஒட்டி வைத்ததை, நான் சொன்ன ஒரு பொய்க்காகப் பிளக்கப் போகிறார்கள்! திருப்பிக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இடுப்பில் கட்டிய வேலைத்துணியோடு, வீட்டுச் செருப்போடு, தெருவில் ஓடினேன் சிட்டு, ஐம்பத்தொன்பது வயதில்.

நான் போய்ச் சேரும்போது டாக்சி புறப்படத் தயாராக நின்றது. முன்சீட்டில் வயலின் அம்மாள் தன் வயலினைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தார், பின்சீட்டில் செல்லோவும் அவரும். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, "ஈ செல்லோவில இல்லைங்க, அலமாரி மேல இருக்கற டப்பாவில, எனக்கு முதல் நாளே தெரியும்" என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவர் இறங்கினார். என் முகத்தைப் பார்த்தார். செல்லோவைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார். வயலின் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையை உன்னிடம்கூடச் சொல்ல முடியாது. போச்சு, தொழிலில் எடுத்த பேரும் போச்சு, அந்த மனிதரும் போனார் என்று நின்றேன். டிரைவர், "அம்மா, நான் வண்டியை எடுக்கறதா வேணாமா, ஒண்ணு சொல்லுங்க" என்றார். அப்போது மேலே ஜன்னலிலிருந்து அந்தச் சுரம் வந்தது, நீளமாக, சுத்தமாக, ஈயும் இல்லை எறும்பும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். கோபமாக இருப்பது போலத்தான் தெரிந்தது. பக்கத்தில் வந்து, "அப்ப நாளையிலேருந்து என்ன சொல்லிக்கிட்டு வருவீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லாம சும்மாத்தான் வருவேன்" என்றேன். டிரைவர் கை தட்டினார். வயலின் அம்மாள், "அதெல்லாம் அப்புறம், பட்டறைக்குப் போக வேணாம்னா முதல்ல ஒத்திகைக்கு வாங்க" என்று வண்டிக்குள்ளிருந்தே அதட்டினார்.

கச்சேரி பிரமாதம். அந்தச் சுரம் வந்த இடத்தில் அவர் என்னைப் பார்த்துத் தொலைத்ததில் ஒரு தாளம் பிசகியது, மற்றபடி பிரமாதம். போன திங்கள்கிழமை பட்டறைக்கு வந்தார். நான் ஒரு பழைய வயலினின் விரிசலுக்கு வச்சிரம் தடவி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன், பிடி தளர்ந்தால் வேலை கெட்டுவிடும். "இப்ப நீங்க எங்கேயும் ஓட முடியாது, அதனாலதான் இப்பக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தார். பசை இறுகுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன். மாமா நேற்றுத் தன் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டு வந்தான், அவன் சம்மதம் அப்படி.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, காலை பதினோரு மணி, பதிவு அலுவலகம். உன்னைக் கேட்காமல் சரி சொன்னது தப்புதான், ஆனால் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அதனால் தப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள். உனக்குக் கோபம் இருந்தால் அதையும் கூட்டிக்கொண்டு வா, வந்து திட்டு, நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் நீ வராமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப நான் போய் முதல்ல மகளைத்தான் கேக்கணும்" என்று அவரும் உனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார், மூன்று நாளாகக் கிழித்துக் கிழித்துப் போடுகிறார், பாவமாக இருக்கிறது, வந்ததும் நல்லபடியாகப் பதில் போடு.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைந்து, நீண்ட காலம் சிரித்துக்கொண்டு வாழ வேண்டும். டிக்கெட் இன்றைக்கே எடுத்துவிடு. எனக்கு என்ன நிறத்தில் உடுத்திக்கொள்வதென்று ஒன்றும் புரியவில்லை, அதையும் சொல்.

இப்படிக்கு,
கல்யாணப் பெண்,
உன் அம்மா.