காரணம் என்ற கட்டம்

மார்ச் 4
படிவம் வந்துவிட்டது. பாதுகாப்புப் பட்டியலில் இந்த ஆண்டு ஒரே ஒரு இனத்துக்குத்தான் இடமாம். ஆய்வக இயக்குநர் என்னையும், புதர்களை ஆராயும் பக்கத்து மேசைப் புதர்க்காரியையும் ஒரே தாளில் எழுதச் சொன்னார். இடப்பக்கம் அவளுடைய மஞ்சள் பூப்புதர், வலப்பக்கம் என் பாசி.

மார்ச் 6
அவள் பக்கம் மளமளவென்று நிரம்பிவிட்டது. ஐந்து இதழ் பூ, விதை உண்டு, நாற்பத்தொரு செடிகள், அழிவுக்குக் காரணம் சாலை அகலப்படுத்துதல். என் பாசிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. நுனியில் வித்துத்தூள் அடங்கிய குட்டி வித்துப்பையின் வாயில் உள்ள பற்களை நுண்ணோக்கியில் எண்ணினால்தான் இனமே பிடிபடும். வீட்டுக்காரர் கேலி வேறு: "பாத்ரூம்ல நான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறேன், அதைக் காப்பாத்த உனக்குச் சம்பளமா?"

மார்ச் 9
உறையில் இருந்த காய்ந்த மாதிரியில் எண்ணினேன். பதினாறு பற்கள். சந்தேகமே இல்லை. இதுவரை யாரும் பதிவு செய்யாத இனம்!

மார்ச் 10
ஓடைப் பாறைக்குப் போனேன். பாறை மொட்டை.
போன வருடம் சுரண்டியது நான்தான். புதரில் ஒரு கிளையைக் கிள்ளினால் போதும், செடி நிற்கும். பாசியில் எந்த நுனியில் வித்துப்பை இருக்கும் என்று தெரியாதே — உள்ளங்கை அளவு இருந்ததைக் கத்தியால் ஒட்டுமொத்தமாக வழித்து உறையில் போட்டேன். சாதாரணப் பாசி என்றுதானே நினைத்தேன்? பாவி, ஒரு ஓரமாவது விட்டுவைக்கக் கூடாதா?

மார்ச் 11
இயக்குநரிடம் பாறையில் காணோம் என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 13
"அக்கா, காரணம் கட்டம் காலியா இருக்கே. ஓடை வெள்ளம்னு போட்டுடுங்களேன்" என்றாள் புதர்க்காரி. வெடுக்கென்று கடிந்துகொண்டேன். எனக்கும் அதுவேதான் தோன்றியிருந்தது.

மார்ச் 14
உறையைத் திறந்து, பாசியை மேசைக் கிண்ணத்தில் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். சில நிமிடங்களில் இலை விரிந்தது. செத்த பாசியும் நனைந்தால் விரியும். நம்பாதேடி.

மார்ச் 17
எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம்: சேகரித்தவர் முழுவதையும் எடுத்துவிட்டார். கீழே என் பெயர்.
இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இத எழுதித்தான் ஆகணுமாம்மா?"
"ஆமா சார்."

ஏப்ரல் 2
இடம் புதருக்கு. அவள் என் முகத்தைப் பார்க்கவே கூசினாள். அவள் என்ன செய்வாள், பாவம்.

ஜூன் 29
புதருக்கு வேலி போட்டாயிற்று. பூத்துக் குலுங்குகிறதாம்.
நான் தினமும் தண்ணீர் தெளித்துவரும் கிண்ணத்தைப் பார்க்க இன்று அவள்தான் என் மேசைக்கு லென்ஸோடு வந்தாள். "அக்கா, இது பழைய இலை இல்ல. பாருங்க!"
பார்த்தேன். அழுதேன். பிறகு புதிதாக ஒரு படிவம் எடுத்தேன். இடம்: என் மேசைக் கிண்ணம். எண்ணிக்கை: மூன்று தளிர்.