அம்மாவுக்கு வாசித்த பந்திகள்

நேற்று பெற்றோல் ஷெட்டில் எனக்கு முன்னால் நின்றவர் புல்வெட்டும் மெஷினுக்கு ஒரு போத்தல் பெற்றோல் வாங்கினார். மூடி சரியில்லை. போத்தலை ஷொப்பிங் பை ஒன்றுக்குள் போட்டு வாயைக் கட்டினார். நான் ஸ்கூட்டரை வரிசையில் விட்டுவிட்டு வீதியோரம் போய் வாந்தி எடுத்தேன். வெள்ளைச் சேர்ட்டும் கழுத்தில் கறுப்பு ரையுமாக. நீ பார்த்திருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

பொலிஸ் உன்னைப் பிடித்த இரண்டாம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். புறக்கோட்டையில் நீ வேலை செய்த துணிக்கடையில் யாரோ களஞ்சியத்தைத் திறந்து எதையோ களவெடுத்திருந்தார்கள். பூட்டின் திறப்பு ஒன்று உன்னிடமும் இருந்தது. உனக்கெதிரான சாட்சியம் அவ்வளவுதான். நீதவான் முன் கொண்டுபோக வேண்டிய நேரம் கடந்திருந்தது. நான் சட்டத்தரணியாகி நாலு மாதம். பொலிஸ் நிலையத்தில் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள்.

உள்ளங்கால் நிலத்தில் படாமல், பாதத்தின் ஓரங்களால் நடந்து வந்தாய். கைப் பெருவிரல்கள் இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன. தலைமயிரில் பெற்றோல் மணம்.

"மூஞ்சியப் பாக்காத மச்சான். கதை."

"என்ன செய்தவங்கள்?"

"ஷொப்பிங் பைக்குள்ள பெற்றோல் விட்டு, தலையில கவுத்துக் கட்டினவங்கள். மூச்செடுத்தா எரியும். எடுக்காட்டிச் சாவன். பிறகு பெருவிரலில கட்டித் தூக்கினவங்கள்." நீயே கேட்டாய்: "உங்கட புத்தகத்தில இதுக்கு ஏதும் இருக்கோ, லோயர் ஐயா?"

"இருக்கு. அரசியலமைப்பு, பதினோராம் உறுப்புரை. ஒருத்தரையும் சித்திரவதை செய்யக்கூடாது."

"ஒரு வரிதானோ?"

"ஒரு வரிதான்."

"அப்ப கெதியா வாசிச்சு முடிச்சிருப்பாங்கள்."

சிரித்தோம். உன் உதடு வெடித்து இரத்தம் வந்தது. அதைத் துடைக்காமல் சொன்னாய்: "அம்மாட்டச் சொல்லாத. குளிச்சுச் சாப்பிட்டவன் எண்டு சொல்லு. இல்லாட்டி அவ இஞ்ச வந்து இருந்திடுவா."

வெள்ளவத்தை வீட்டில் உன் அம்மா சேலை உடுத்து, தண்ணீர்ப் போத்தலோடு கதவடியில் தயாராக நின்றார். பொலிஸ் நிலைய வாசலில் தாய் ஒருத்தி இருந்தால் உள்ளே ஓங்கிய கை கொஞ்சம் தயங்கும். எங்கள் ஆட்களுக்கு அது சட்டக் கல்லூரிக்குப் போகாமலே தெரியும்.

"வர வேண்டாம் அன்ரி. நல்லா இருக்கிறான். குளிச்சுச் சாப்பிட்டவன்."

அம்மா போத்தலை மேசையில் வைத்தார்.

விடிந்தபோது நீ இல்லை. பொலிஸ் நிலையக் குளியலறையில் வழுக்கி விழுந்தாயாம்.

மலர்ச்சாலையில், பிரேதப் பெட்டிக்குள் உனக்கு வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் போடுவதுதான். வழமைப்படி கைப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட உன் பெரியப்பா கிழித்த வெள்ளைத் துணியோடு வந்தார். நான் கையுறையைக் கழற்றினேன். விரல்களில் ஏற்கெனவே கயிற்றுத் தடம். ஆழமாக, தோல் உரிந்து. பெரியப்பா துணியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கட்டவில்லை.

அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். எங்கள் அந்தியேட்டிக் கிரியை முப்பத்தோராம் நாள்.

"அந்தியேட்டி முடியட்டும் தம்பி," என்றார் பெரியப்பா. "சாவுத் துடக்கு வீட்டில கோட்டுக் கடதாசி வேண்டாம்."

நாள் கணக்குத் தெரிந்தும் "ஓம்" என்றேன். மரியாதைக்காக என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். நீ இல்லாதபடியால் அம்மாதான் மனுதாரர். கையெழுத்துக்கு முன் சத்தியக் கடதாசியை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெற்றோலை வாசிக்க வேண்டும். கயிற்றை வாசிக்க வேண்டும். குளிச்சுச் சாப்பிட்டவன் என்று சொன்ன அதே வாயால்.

இருபத்தெட்டாம் நாள் என் சீனியர் அம்மணி கேட்டார்: "துடக்கு ஆருக்கு, உனக்கோ கோட்டுக்கோ? அந்தியேட்டிச் சோறு சாப்பிட்டிட்டு வெறுங்கையோட வரப்போறியோ?"

அன்றே கடதாசியோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் படத்துக்கு முன்னால் விளக்கு. அம்மாவும் நானும் நிலத்தில். கையெழுத்துக்குச் சாட்சியாக வந்த சமாதான நீதவான் மட்டும் கதிரையில். பெரியப்பா கதவடியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஏழாம் பந்தியில் ஒரு வரியைத் தாண்டினேன். அம்மாவின் விரல் கடதாசியில் வந்து விழுந்தது.

"இதில இன்னும் கிடக்கு. வாசி."

வாசித்தேன். பை. பெற்றோல். பெருவிரல்.

"இது ஆர் சொன்னது?"

"அவன்தான் அன்ரி."

"எப்ப?"

"நான் போய்ப் பாத்த அண்டைக்கு."

அம்மா அழவில்லை. என் கன்னத்தில் அறைந்தார். மறுபடியும் அறைந்தார். காதுக்குள் இரைந்தது. பெரியப்பா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"விடுங்கோ அத்தான். நான் சேலை உடுத்து நிண்டனான். இவன் என்னை வீட்டில இருத்திப்போட்டான். அதையும் எழுதச் சொல்லுங்கோ."

"அன்ரி, அதை எழுதினா பொலிசின்ர லோயர் விடமாட்டார். உங்கட ஆளே சுகமாயிருக்கிறான் எண்டு சொன்னவர்தானே எண்டு கேப்பார்."

"கேக்கட்டும். அரைவாசி உண்மைக்கு நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அது பதினாலாம் பந்தி. என் கையாலேயே எழுதினேன், என் பெயரோடு. பெரியப்பா தன் பேனையை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். மறுநாள் மனு போடப்பட்டது.

வழக்கு இன்னும் தவணை தவணையாகப் போகிறது. எதிர்த்தரப்பு எப்போதும் பதினாலாம் பந்தியில்தான் தொடங்கும். நீ கேட்டுத்தான் சொன்னேன் என்று நான் மன்றில் சொன்னதில்லை. பழியை உன்மேல் போட வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்: நீ கேட்டிருக்கக் கூடாது மச்சான். நான் கேட்டு நடந்திருக்கக் கூடாது.

கன்னத்தில் விழுந்த அந்த இரண்டு அறையும் என்னிடம் இருக்கின்றன. இப்போது எந்தத் தாய்க்கும் நான் பொய்ச் சுகம் சொல்வதில்லை.

போன கிழமை ஜிந்துப்பிட்டிப் பெண் ஒருவரின் மகனைப் பொலிஸ் நிலையத்தில் பார்க்கப் போனேன். அவனும் கெஞ்சினான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று. வெளியே வந்ததும், படியில் நின்ற அவர் என் கையைப் பிடித்தார்.

"எம்புள்ள எப்புடி இருக்கான் சார்?"

"அடிச்சிருக்கிறாங்கள் அம்மா. முதுகில, காதில. என்ர கண்ணால கண்டனான். வீட்ட போகாதைங்கோ."

அவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு, உள்ளே கடைசி அறைவரை கேட்கும்படி மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். ஒரு பொலிஸ் கொஸ்தாப்பல் வெளியே வந்து, வாயை மூடு என்று சிங்களத்தில் கத்தினார். அந்தத் தாய் மூடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.