மூன்றாம் தட்டில் இடப்பக்கத்து மேப்பிள்

ஒமியா, ஜூலை 8

அன்பு மகள் மிஹொகோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் மேப்பிள் போன்சாய், அந்தத் தொட்டிக் குட்டிமரம், சுகமா என்று மட்டும் உடனே கேட்காதே, கடிதம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் குடலிறக்க அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது மியாவ் என்கிற பூனையைக்கூட அதட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார். மழைக்காலம் இன்னும் விடவில்லை, துவைத்தது எதுவும் காயவில்லை.

அவர் மருத்துவமனையில் இருந்தபோதுதான் ஜூன் மாத இலை வெட்டு வந்தது. அது தள்ளிப்போட முடியாத வேலை, இலையை வெட்டினால்தான் மறுபடி துளிர்ப்பது சின்னதாக வரும் என்று உனக்கே தெரியும். படுக்கையிலிருந்து போன் பண்ணி, "மூணாவது தட்டு, இடது பக்கம் இருக்கிற மேப்பிள். காம்பை விட்டுட்டு இலையை மட்டும் வெட்டு. வலது பக்கத்துல கையை வச்சுடாதே, அது மிஹொகோவோடது, இந்த வசந்தத்துலதான் வேரை வெட்டித் தொட்டி மாத்தியிருக்கேன், தாங்காது" என்றார். நானும் மூக்குக் கண்ணாடி போட்டு, வானொலியில் நாடகம் கேட்டுக்கொண்டே முந்நூறு இலையை வெட்டி மரத்தை மொட்டையடித்தேன். அவர் எப்போதும் வாசல் பக்கம் நின்று பார்க்கிறவர், நான் நின்றது சமையலறைப் பக்கம். அவருடைய இடது எனக்கு வலது என்பது கடைசி இலை விழுந்த பிறகுதான் உறைத்தது. ஆறு வயதில் உன் சீருடைப் பையில் கிடந்து, சலவை இயந்திரத்தில் சுழன்றும் சாகாமல் முளைத்து மரமான விதை, அம்மா கத்திரியில் போய்விட்டதே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு இந்த நவம்பரில் நீ வருகிறாய், இலை சிவந்த மரத்தை உன் கையில் கொடுக்கப்போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அடுத்த வீட்டு ஹிராகாவைத்தான் கூப்பிட்டேன். முப்பது வருஷமாகப் போன்சாய் கண்காட்சியில் அப்பாவோடு முட்டிக்கொள்கிற மனிதர். பார்த்ததும் பல்லிடுக்கில் மூச்சை இழுத்து, "வேரும் போச்சு, இலையும் போச்சா? என்ன அக்கா, ஆளு ஆஸ்பத்திரில இருக்கும்போதா பழி தீர்ப்பீங்க?" என்றார். ஆனால் அவரே தூக்கிக்கொண்டு போய்க் கொட்டகைக்குப் பின்னால் நிழலில் வைத்தார், காலையும் மாலையும் வந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். சொந்த அண்ணனை அவர் அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டார்.

அப்பா வீடு திரும்பினார். மூன்று நாள் அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு இலை உதிர்ந்தாலும் பஞ்சாயத்து வைக்கிறவர் அவர். நான்காம் நாள் தாங்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கீழ்க்கிளையைப் பார்த்தியா?" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் அதை வளைக்கக் கம்பி சுற்றும்போது பாதி முறித்துவிட்டாராம். பசை தடவி நார் கட்டி, ஹிராகா கண்ணில் படாமல் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார். அந்த நார்க்கட்டு என் கண்ணில் பட்டது, ஏதோ புது வித்தை என்று நினைத்து அதைச் சுற்றி வெகு கவனமாக வெட்டியிருக்கிறேன். விஷயம் கேட்டு ஹிராகாதான் சிரித்துச் சிரித்து, இலை இருந்திருந்தால் ஈரத்தையெல்லாம் அது இழுத்து முறிந்த கிளை காய்ந்து போயிருக்கும் என்றார். அதிலிருந்து, காப்பாற்றியது கிளையை முறித்தவரா இலையை வெட்டியவளா என்று தினமும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை.

நேற்று அந்தக் கிளையில் அரிசி அளவுக்கு ஒரு சிவப்பு மொட்டு. இருவரும் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். அவர், "மிஹொகோவுக்கு எதுவும் எழுதித் தொலைக்காதே" என்றார். அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

குளிருக்கு முன்பே கம்பளி வாங்கிவிடு, நூடுல்ஸே கதி என்று இருக்காதே. நவம்பரில் வந்ததும் தொட்டியைத் திருப்பிப் பார்க்காதே, அவர் காட்டுகிற பக்கத்தை மட்டும் பார். நீ நிறைந்த ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா ஷிஸுனோ

பி.கு.: தபால் தலை தேடி அப்பாவின் மேஜையைத் திறந்தால், உனக்கு அவர் எழுதிய கடிதம் ஒட்டாமல் கிடக்கிறது. படித்துவிட்டேன். கிளையை முறித்ததும் நான்தான், இலையை வெட்டியதும் நான்தான், அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர் எப்படி வெட்டினார் என்று கேட்டுவிடாதே. இரண்டையும் ஒன்றாகவே தபாலில் போடுகிறேன். அவர் எழுதியதை நம்பியதாகவே பதில் போடு.