சண்டை முடிந்த பிறகு

கார்ல்ஸ்ரூஹே
04.05.2025

அன்புத் தங்கை சுபானிக்கு,

நீ சுகம்தானே? இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் எனக்கு மனம் சுகமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். வட்ஸ்அப்பில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய், நான் உன்னை. ஒரே ட்ராம் பாதையில் இருந்துகொண்டு முத்திரை ஒட்டுகிறோம். எங்கள் சீத்துவத்தைப் பார்!

ஆரணியின் கலியாணக் கார்ட் தபாலில் வந்தது. லக்ஸன் நல்ல பிள்ளை, வடிவான சோடி. ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லாமல் தபாலில் அனுப்ப, நான் என்ன உனக்குக் காப்புறுதிக் கம்பனியா?

உன் மனுசன் வரதன் மோசம்போனபோது ஆரணிக்கு நாலு வயது. உன் குசினியில் வைத்து என் மனுசன், உன் இரத்தினம் அண்ணை, சொன்னது உனக்கு மறந்துபோச்சா? "நீ ஒண்டுக்கும் யோசிக்காதை. இவளை நாங்கள் ரெண்டு பேரும் தாரை வார்த்துக் குடுப்பம்." தகப்பன் இல்லாத பெண்ணுக்கு வேறொரு புருஷன் பெண்சாதி நின்று தாரை வார்ப்பதுதானே வழக்கம். நீ யாரைக் கேட்டிருக்கிறாய் என்பதைச் சனம் சொல்லித்தான் நான் அறிய வேண்டுமா?

அண்ணை கார்ட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

கோபத்தோடும் அன்போடும்,
சிவகௌரி

கார்ல்ஸ்ரூஹே
11.05.2025

அன்புள்ள அக்கா,

அந்தக் கோபத்திலும் 'தங்கை' என்று எழுதினீர்களே, அதை இரண்டு தரம் வாசித்தேன்.

ஓம், ஆனந்தராசா அண்ணையையும் மனைவியையும்தான் கேட்டிருக்கிறேன். நான் பிரிந்து வந்து தொடங்கிய பள்ளியின் தலைவர் அவர். பாதிப் பெற்றோர் அவர் சொல்கேட்டு நிற்பவர்கள். உங்களைக் கேட்டிருந்தால், "மற்றப் பள்ளிக்காரியைக் கொண்டுவந்து மணவறையில ஏத்திப்போட்டாள்" என்று பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பாமல் மறித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து சொல்லத்தான் வெளிக்கிட்டேன். உங்கள் தெருமுனை மட்டும் வந்தேன். நாங்கள் பொங்கல் விழா வைத்த அதே ஞாயிறு நீங்களும் வைத்தது ஞாபகம் வந்தது. கொதி ஏறித் திரும்பிவிட்டேன்.

எங்கே பிழைத்தது அக்கா? மண்டபச் சொந்தக்காரர் எங்கள் பழைய தமிழ்ப் பள்ளியை மண்டபத்தை விட்டு எழுப்பப் பார்த்தபோது, பனிக்குள் பிள்ளைகளோடு நின்றது நீங்களும் நானும்தானே? ஒரே போத்தல் தேத்தண்ணியைப் பங்குபோட்டுக் குடித்தோம். வழக்கு வென்று பலகை மாட்டிய அந்தச் சனிக்கிழமையே, "கதவுத் திறப்பு என்னட்டையே இருக்கட்டும்" என்று சாவியைப் பைக்குள் போட்டீர்கள். ஏன்? நான் கதிரை மேசையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேனா?

அன்று நான் வேறு பள்ளி தொடங்க வெளிக்கிட்டது அதனால்தான்.

உங்கள்
சுபானி

கார்ல்ஸ்ரூஹே
18.05.2025

என் சுபானிக்கு,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு கஜரூபனிடம் புலம்பினேன். அவன் இப்போது பள்ளியில் வரலாறு படிப்பிக்கிறான் அல்லவா, கேட்டுவிட்டுச் சிரிக்கிறான்.

"அம்மா, ஹிட்லரை அடிக்கேக்க அமெரிக்காவும் ரஷ்யாவும் ஒண்டாத்தான் நிண்டவை. லைப்சிக்குக்குக் கொஞ்சம் தள்ளி, எல்ப ஆத்தங்கரையில ரெண்டு படையும் சந்திச்சுக் கட்டிப்பிடிச்சவை. பிறகு மூண்டு வருசந்தான், பெர்லினுக்குப் போற பாதையை ரஷ்யா மறிச்சிட்டுது."

"ஏனடா?"

"எதிரி போயிட்டான். இனி ஆரின்ர சொல்லுப்படி நடக்கிறது எண்ட கேள்வி வந்திட்டுது. மற்றவன் என்ன செய்வானோ எண்டு ரெண்டு பேருக்கும் பயம். பயத்தில இவர் ஒண்டைப் பிடிச்சு வைக்க, அதைப் பார்த்து அவர் ரெண்டைப் பிடிப்பார். நீங்களும் சுபானி அன்ரியும் வேற என்ன செய்யிறியள்? நடுவில நிண்டு ரெண்டு பள்ளி விழாவுக்கும் போற றொனால்ட் மாமாவுக்குத்தான் யோகம், ரெண்டு பக்கமும் பொங்கல்."

பெற்ற பிள்ளையிடம் நன்றாக வாங்கிக் கட்டினேன்.

நீ எதையும் தூக்கிக்கொண்டு ஓடுவாய் என்று நான் நினைக்கவில்லையடி. பிள்ளைகள் எல்லாம் "சுபானி ரீச்சர்" என்று உன்னோடுதான் ஒட்டுவார்கள். திறப்பும் உன் கைக்கு வந்தால் எனக்கு அங்கே என்ன வேலை என்று பயந்தேன்.

ஆனந்தராசாவே தாரை வார்க்கட்டும். நான் கடைசி வரிசையில் இருந்து பார்க்கிறேன். ஆரணியின் கலியாணத்துக்கு வராமல் இருக்க என்னால் ஏலாது.

உன் அக்கா

கார்ல்ஸ்ரூஹே
25.05.2025

அன்பு அக்கா,

நான் அழுதுகொண்டு இருந்தபோது ஆரணி உங்கள் கடிதத்தைப் பறித்து வாசித்துவிட்டாள். நேரே ஆனந்தராசா அண்ணை வீட்டுக்குப் போய், "குறை நினைக்காதேங்கோ அங்கிள், எனக்குப் பெரியம்மாதான் வேணும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவர் தலைவர் பதவியை விட்டுவிட்டார். அவர் பக்கத்து மக்டலீன் தன் பிள்ளைகளை என் வகுப்புக்கு விடாமல் மறித்துவிட்டா. போகிறவர்கள் போகட்டும்.

நானும் பயந்தேன் அக்கா. வழக்கறிஞரோடு டொச் மொழியில் கதைத்து வென்றது நீங்கள். வரதன் போன பிறகு எனக்கென்று இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான். அதுவும் உங்களுடையது ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நீங்களும் இரத்தினம் அண்ணையும்தான் ஆரணியைத் தாரை வார்க்க வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன். "நீங்களே ஏன் செய்யக்கூடாது அம்மா?" என்றும் கேட்டாள், விசரி. பேசாமல் இரு என்று அதட்டினேன். தாலி அறுத்தவள் மணவறை ஏற ஐயர் விடுவாரா?

உங்கள் தங்கை
சுபானி

கார்ல்ஸ்ரூஹே
29.05.2025

என் செல்லத் தங்கைக்கு,

நீ கேட்டாய். அதுவே எங்களுக்குக் காணும். கடிதத்தை வாசித்துவிட்டு அண்ணை குளியலறைக்குள் போய் நெடுநேரம் தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்.

ஆனால் நாங்கள் தாரை வார்க்க மாட்டோம். விடியப்புறம் ஹோட்டலில் கட்டில் விரித்து, பின்னேரம் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து அவளை ஆளாக்கியவள் நீ. உன் பிள்ளையை உன் கையால் கொடு. நாங்கள் பக்கத்தில் நிற்கிறோம்.

ஐயருக்கு ரெலிபோன் எடுத்தேன். "அப்பிடி ஒரு வழக்கமில்லை அம்மா" என்றார். "இல்லாட்டி இண்டைக்குத் தொடங்குவம் ஐயா" என்றேன். வைத்துவிட்டார். உன் மச்சாள்மாரும் அவர் பக்கம்தான் நிற்பார்களாம். நிற்கட்டும்! எனக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு நல்ல பசி எடுத்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் ஐயர் வீட்டுக்குப் போகிறோம். நீ பணிவாகக் கதை. நான் சத்தம் போடுகிறேன்.

ஒன்று மட்டும், சுபானி. வென்ற பிறகு நீயும் நானும் எப்படி இருக்கப் போகிறோம் என்பதைப் போகும்போதே ட்ராமில் கதைத்து முடிப்போம். போனமுறை நாங்கள் அதைக் கதைக்கவேயில்லை.

சிவகௌரி