ரொட்டி வேனின் பழைய மூடி

மார்ச் 4, செவ்வாய்

ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரமில்லை, கடையில் அவ்வளவு கூட்டம். தினமும் எங்கள் வீட்டு வாசலுக்கு ரொட்டி கொண்டுவருகிறவர், தன் ஓட்டை வேனின் பிரேக் ஆயில் டப்பா மூடியோடு வந்தார். விளிம்பு உடைந்திருந்தது. அளவு பார்த்துப் புதுசு கொடுத்தேன்.

"ஆயிலும் குறைஞ்சிருக்கும்மா. என் கல்யாணத்துக்கு முன்னாலயே பொறந்த வண்டி. எது ஊத்தலாம்?"

"எல்லாரும் வாங்குறது இதுதாண்ணே" என்று டாட் ஃபோர் பிரேக் ஆயில் டின்னை நீட்டினேன். பதினெட்டு வருஷமாக உதிரி பாகக் கடையில் நிற்கிறேன், எனக்குத் தெரியாததா? பழைய மூடியை மறந்து வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

முட்டி வலி. நாள் முழுக்கப் படுக்கை.

மார்ச் 15, சனி

மேசையைத் துடைக்கும்போது அந்த மூடி அகப்பட்டது. ஒரே பிசுக்கு. மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தேன். எழுத்து தெரிந்தது — மினரல் ஆயில் மட்டும்.

பழைய வண்டிகள் சிலவற்றுக்கு அதுதான் ஊற்ற வேண்டும். நான் கொடுத்தது உள்ளிருக்கும் ரப்பரையெல்லாம் கெடுத்துவிடும். அப்புறம் மிதித்தாலும் பிரேக் பிடிக்காது.

முதலாளியிடம் காட்டினேன். "ஒரு டின்னுல என்ன ஆயிடும்? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதீங்க" என்றார்.

அவர் போன் நம்பர் என்னிடம் இல்லை. அவர் பேக்கரி மூன்று தெரு தள்ளித்தான். ஆனால் இந்த முட்டி. நாளைக் காலை எப்படியும் ரொட்டி கொண்டுவருவார், வாசலிலேயே சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 16, ஞாயிறு

ரொட்டி வரவில்லை.

மார்ச் 17, திங்கள்

பேக்கரி பூட்டியிருந்தது. பக்கத்துத் தையல்காரர்தான் சொன்னார்: "நேத்து காலையில, ஆஸ்பத்திரி இறக்கத்துல. பிரேக்கே பிடிக்கலியாம். நேரா சுவத்துல போய்..." அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

ஐயோ, சனிக்கிழமையே நொண்டிக்கிட்டாவது போயிருக்கக் கூடாதா? மூணு தெருடி. மூணே தெரு.

மார்ச் 18, செவ்வாய்

உயிர் பிழைத்துவிட்டார். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 24, திங்கள்

சொல்லிவிடுவது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பையில் மூடி இருந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"கூடப் பொறந்தவனே என் குடியைக் கெடுத்துட்டான்க்கா. ஆயில் ஊத்தினது என் தம்பிதான். எதையோ கலந்து ஊத்தியிருக்கான். இனிமே வீட்டுப் பக்கம் வராதேன்னுட்டேன்."

ரொட்டிக்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அழாதீங்க" என்றேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கொண்டுபோன பழத்தை மட்டும் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 29, சனி

"யாராவது வந்து கேட்டா, அவர் கேட்டதைத்தான் கொடுத்தோம்னு சொல்லுங்க" என்கிறார் முதலாளி. தலையாட்டினேன். தூ, இதுவும் ஒரு தலையா.

ஏப்ரல் 3, வியாழன்

அந்தத் தம்பி இன்று கடைக்கு வந்தான். முப்பது வயது ஆள், பாதியாகியிருந்தான்.

"மாமா இங்கதானே ஆயில் வாங்கினாரு? புனலைக்கூடக் கழுவித்தான் ஊத்தினேன். நான் என்ன தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. எங்கக்கா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேங்குது."

முதலாளி உள்ளேயிருந்து இருமினார்.

மூடியை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை படித்தான்.

"நீ ஒரு தப்பும் பண்ணலப்பா. மாத்திக் கொடுத்தது நான். விபத்துக்கு முந்தின நாளே எனக்குத் தெரியும். போய்ச் சொல்லல."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "இதை எங்கக்காகிட்ட வந்து சொல்வீங்களா?" என்றான்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன். "போனா இங்க திரும்பி வராதீங்க" என்று முதலாளி கத்தியது தெருவரை கேட்டது.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்றே இரண்டு பேரிடமும் சொன்னேன். ரொட்டிக்காரர் மனைவி கேட்டாள்: "அன்னிக்கு உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே, அப்பகூட உங்களுக்குத் தெரியுமாக்கா?"

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை இல்லை. சீக்கிரமே எழுந்துவிட்டேன்.

தெருவில் ரொட்டி வந்தது. அந்தத் தம்பிதான், சைக்கிளில், பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள் போல. வீடு வீடாக நின்று கொடுத்தான். கதவைத் திறந்து வாசலில் நின்றேன். எங்கள் வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டில் நிறுத்தினான்.