நீ கேட்ட சின்ன ஸ்டவ்

என் கம்பளிக் கோட்டில் இன்னும் புகை நாற்றம் போகவில்லை. ட்ரை கிளீனிங் போய் வந்தும், பால்கனியில் காயப்போட்டும் அப்படியே இருக்கிறது. உன் வீட்டுப் புகை. உன் வருஷத் திதிக்கு வந்தபோது பிடித்தது. காலையில் வேலைக்குப் போக அதை மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உன் வீட்டில் மேலே நாலு அறை. ஒன்று உங்கள் படுக்கையறை, ஒன்று மகளுக்கு. நல்ல வெயில் விழும் அறை உன் வீட்டுக்காரரின் ஆபீஸ். நாலாவது, அவருடைய அம்மா அப்பா ஊரிலிருந்து வந்தால் தங்க. அவர்கள் வந்ததே ஒரே ஒரு கோடையில்தான். அந்தக் காலி அறைக்கு ஹீட்டர் ஓடும். நீ கீழே ஹீட்டர் இல்லாத பேஸ்மெண்டில், போர்வையைச் சுற்றிக்கொண்டு, விரல்நுனி தெரியும் கையுறையோடு லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருப்பாய். நீயும் அவரைப் போல வீட்டிலிருந்தே வேலை பார்த்தவள்தான், சம்பாதித்தவள்தான். குளிருகிறது என்றால், "சூப்பரா இன்சுலேட் பண்ணின வீடு இது, சூடு வெளியவே போகாது, ஸ்வெட்டர் போட்டுக்கோ" என்பார். இன்சுலேஷன் தரைக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

விறகு ஸ்டவ் வைக்கப் போகிறேன் என்று நீ சொன்னதும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "ஏண்டி, அடுப்பு ஊதி ஊதி எங்கம்மாவுக்குக் கண்ணே போச்சு. நீ நியூ ஜெர்சி வந்து விறகு வாங்கப் போறியா?"

"சிரிக்காத. சின்னதா ஒரு நெருப்பு, பக்கத்துல என் டேபிள். அவ்ளோதான் கேக்கறேன்."

கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். அகலமான கண்ணாடிக் கதவு வைத்த பெரிய ஸ்டவ்வைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன். கொலுவுக்கு வருகிறவர்கள் பார்த்தால் அசந்துபோவார்கள், இதையே எடு என்றேன். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒன்று இருந்தது, அதன் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாய்.

"எங்க வீடு பிளாஸ்க் மாதிரிடி. பெருசு வெச்சா கொஞ்ச நேரத்துலயே வெந்து போயிடுவோம். அப்புறம் காத்தைக் குறைச்சு தீயை அமுக்கி வெக்கணும். அமுக்கினா புகையும், கண்ணாடி கருத்துப் போகும், சிம்னிக்குள்ள கரி அப்பிக்கும். சின்னதா இருந்தா நல்லா கொழுந்து விட்டு எரியும்."

அதோடு நிறுத்தினாயா? வெளிக்காற்று வர ஸ்டவ்வுக்குத் தனிக் குழாய் வேண்டும் என்றாய். "எங்க வீட்ல காத்து நுழைய ஒரு சந்து பொந்து கிடையாது. மேல கிச்சன்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா அது எங்கேர்ந்து காத்தை இழுக்கும்? சிம்னி வழியாதான் இழுக்கும். புகை மொத்தமும் என் ரூமுக்குத்தான் வரும்." பெரியதை விற்கப் பார்த்த கடைக்காரரிடமும் இதையே ஆங்கிலத்தில் சொன்னாய். அவர் மறுபேச்சில்லாமல் சின்னதற்கு வந்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உன் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "சுவத்துல ஓட்டையா? ரீசேல் வேல்யூ என்ன ஆகும்?" என்றார். பிறகு, "பாக்கலாம்" என்றார். அந்த "பாக்கலாம்"லேயே குளிர்காலங்கள் போயின. உன் சம்பளம்தானே, நீயே வாங்கித் தொலையேன் என்று நான் கத்தினேன்.

"வாங்கலாம்டி. ஆனா எனக்குன்னு அவரா எதுவும் செஞ்சதில்ல. இது ஒண்ணையாவது அவரா செய்யட்டும்."

அன்றைக்கு உன்னை இரண்டு அறை விடலாமா என்று வந்தது. இப்போதும் வருகிறது. அப்படி என்னடி வைராக்கியம், அதுவும் அந்த மனுஷனிடம்?

ஒரு பிப்ரவரியில், ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த பேஸ்மெண்டில் சாய்ந்துவிட்டாய். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். அங்கிருந்து தூக்கிக்கொண்டு போகும்போதும் உன் கையில் அந்தக் கையுறை இருந்தது.

இந்த பிப்ரவரியில் திதி. சாஸ்திரிகள் போனதும் உன் வீட்டுக்காரர் எல்லாரையும் கீழே அழைத்துப் போனார். உன் டேபிள் இருந்த இடத்தில் ஸ்டவ். அந்தப் பெரியது, அகலக் கண்ணாடிக் கதவு. வெளிக்காற்றுக் குழாய் இல்லை. "இது அவளோட ட்ரீம். அவ ஞாபகமா நானே செஞ்சேன்" என்றார். ஆன்ட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று ஒருத்தி உருகினாள். 

தீ மூட்டினார். மேலே அவருடைய தங்கை வடை பொரிக்க எக்ஸாஸ்டை முழு வேகத்தில் வைத்திருந்தாள். நீ சொன்னது சொன்னபடி நடந்தது. கதவைத் திறந்து அவர் இன்னொரு கட்டை போடப் போக, புகை குபுகுபுவென்று அறைக்குள் வந்தது. எல்லாரும் இருமினார்கள். விறகு ஈரம் என்றார் அவர்.

உன் மகள் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "ஆன்ட்டி, இஸ் திஸ் த ஒன் அம்மா வான்டட்?" என்று கேட்டாள். அவர் என்னையே பார்த்தார். ஆமாம் என்று நான் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்திருப்பார்.

"இல்லடா கண்ணு. அம்மா கேட்டது சின்னது. உயிரோட இருக்கும்போது கேட்டா."

காரில் வரும்போது என் வீட்டுக்காரர் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். திதி வீட்டில் பேசுகிற பேச்சா, அந்த மனுஷனே நொந்து போயிருக்கிறார், இதைச் சொல்லி இப்போது யாருக்கு என்ன லாபம் என்றார். லாபம் ஒன்றுமில்லைதான். போன வாரம் கோயிலில் உன் வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். திருப்பிக்கொள்ளட்டும்.

நீ இருந்தால் "விடுடி" என்றிருப்பாய். எதைச் சொன்னாலும் அதைத்தானே சொல்வாய். வெயில் விழும் அறையை விட்டாய், காலி அறையை விட்டாய், குளிருகிறது என்று சொல்வதையும் கடைசியில் விட்டுவிட்டாய். நீ ஒரு நாளும் படாத கோபத்தையெல்லாம் நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்காக நான் ஒருத்தியாவது விடாமல் இருந்துவிட்டுப் போகிறேன்.