தாடியின் வலக்கை

அம்மாவுக்கு வணக்கம். நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா?

பயப்படாமல் படியுங்கள். மனம் அடங்கும் என்று நீங்கள் எழுதியனுப்பிய மூச்சுப் பயிற்சியை, தாடி என்று நாங்கள் கூப்பிடும் அறைத்தோழனோடு ஸ்டாப்வாட்ச் வைத்து மூச்சடக்கும் போட்டியாக்கினேன். செவ்வாயன்று வேலையிடத்தில், ஆக்சிஜன் குறைந்த டேங்குக்குள் அவன் டார்ச் விழுந்துவிட்டது.

"மாஸ்க் எதுக்குடா? ரெண்டு நிமிஷம் தாங்குவேன், உங்கம்மா புண்ணியம்" என்று இறங்கினான். ஏணியில் திரும்பி ஏறும்போது மூச்சு தாங்காமல் விழுந்தான். வெளியே தூக்க ஏழு நிமிடம் ஆனது.

மருத்துவமனையில் இருக்கிறான். யாரையும் அடையாளம் தெரியவில்லை, வலக்கை விரல்கள் மட்டும் அசைகின்றன.

இப்போது எனக்கு மட்டும்தான் சமையல்; ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசி போடுவது? அதோடு, மூளைக்கு நல்லது என்பீர்களே, அந்த விரல் முத்திரைகளைப் படம் வரைந்து அனுப்புங்கள். பார்வை நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன். எனக்கு இதில் இப்போதும் நம்பிக்கை இல்லை. சீக்கிரம் அனுப்புங்கள்.